கண் திறந்த சிங்கம்

சிங்க ஆட்டத்துக்கென நாற்பத்தோரு சிங்கத் தலைகளைச் செய்தவள் சியூஹிங். அவற்றில் ஒன்றுகூடக் கண் திறந்ததை அவள் பார்த்ததில்லை.

மூங்கிலைப் பிளந்து கூடு கட்டியது அவள் கை. கூட்டின்மேல் காகிதத்தையும் பட்டுத்துணியையும் மாற்றி மாற்றி ஒட்டியது அவள் கை. ஆனால் கருவிழி இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக விடப்படும். ஆட்டக் குழுவின் மன்றத்தில், முரசு முழங்க, ஊர்ப் பெரியவர் ஒருவர் செந்தூரம் தொட்டு வைத்தால்தான் சிங்கம் விழிக்கும். அதுவரை அது வெறும் காகிதம். அந்த மன்றத்தின் படியைப் பெண் மிதிக்கலாகாது. கைம்பெண்ணோ அந்தத் தெருவிலேயே தலைகாட்டலாகாது. சீனப் பேரரசரின் அரியணை கவிழ்ந்து இருபதாண்டுகள் ஆயின. ஆண்களின் பின்னல் சடை அறுந்தது. ஃபோஷான் நகரத்து வழக்கங்களில் ஓர் இழைகூட அறவில்லை!

கணவன் வாய்கியூங் இறந்து இரண்டாண்டுகள். செய்தவர் பெயரெழுதிச் சிங்கத்தின் தாடைக்குள் ஒட்டும் சீட்டில் இன்றும் அவன் பெயர்தான். இறந்தவன் பெயரால் இருப்பவள் உழைத்தாள்.

புத்தாண்டுக்கு முந்திய நாள் காலையில், குழுத் தலைவர் தாங் வாத்தியார் செம்முகச் சிங்கத்தைப் பார்க்க வந்தார். ஆட்டுமயிர்த் தாடியைத் தடவினார். இமைக் கயிற்றை இழுத்தார்.

“அடேயப்பா! முழி இல்லாமலே கண்ணடிக்குதே, அண்ணி! வாய்கியூங் அண்ணனே செஞ்ச மாதிரி இருக்கு.”

“அவரு இருந்தப்பவும் நான்தான் செஞ்சேன். அவரு டீ குடிச்சாரு.”

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“வாத்தியாரே, நாளைக்குக் கண் திறக்கறப்ப எதிர்வீட்டு மாடியிலயாவது ஒதுங்கி நின்னு பாக்கறேனே?”

சிரிப்பு அணைந்தது. “வேண்டாம் அண்ணி. ஆடறவன் எவனாவது கம்பத்துல ஏறி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா பழி உங்க தலையிலதான் விடியும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

“நாப்பது நாளா இது பக்கத்துலதானே படுத்துக் கெடந்தேன்? அப்ப தீட்டு ஒட்டலியா?”

“அப்ப அது முழிக்கலியே!” வாதத்தில் வென்ற களிப்போடு வாத்தியார் படியிறங்கினார்.

பகலாயிற்று. சந்து முழுவதும் எண்ணெயில் பொரியும் பலகாரத்தின் மணம். வீட்டுக்கு வீடு பேச்சொலி. சியூஹிங் ஒரே கிண்ணத்தில் சோறு போட்டு உண்டாள். சிங்கத்தின் நெற்றியில் பதித்த கண்ணாடியில் ஒரே ஒரு முகம் தெரிந்தது, அவளுடையது. நாற்பது நாளாக அவள் அதைப் பார்த்திருந்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. உலகில் தன்னைப் பார்க்கவென்று இரண்டு கண்கள் வேண்டும்! அது பேராசையா?

அரிசி மதுவில் செந்தூரத்தைக் குழைத்தாள். இடது கண்ணில் ஒரு பொட்டு. வலது கண்ணில் ஒரு பொட்டு. சிங்கம் அவளைப் பார்த்தது. அவள் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வாத்தியார் ஆட்டக்காரர் இருவரோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரு கண் திறந்தது?”

“நான்தான்.”

“என்ன அண்ணி, குடியைக் கெடுத்துட்டீங்களே!”

“அப்படியே ஆடுங்க வாத்தியாரே. இல்லேன்னா பொட்டை அழிச்சுத் தாரேன்.”

“முழிச்சதைக் குருடாக்கறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கைம்பெண் முழிக்க வெச்சதை ஆடவும் மாட்டோம். பழைய தலையே போதும்.”

ஆட்டக்காரன் ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். “இது இனி அண்ணியைத்தான் அம்மான்னு தேடும்!”

சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்கள் பின்னே சந்தும் மன்றத்துக்குப் போனது, கதவுகள் சாத்தப்பட்டன.

மன்றத்தில் முரசு எழுந்தது. சியூஹிங் சிங்கத் தலைக்குள் புகுந்து அதைத் தூக்கினாள். இமைக் கயிற்றை இழுத்தாள். இமை அடித்தது அவள் காதுக்குக் கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே நின்றால் சிங்கம் அசையாது. உள்ளே புகுந்தால் அதன் கண்ணைக் காண முடியாது. இரண்டும் கூடி வர இன்னோர் ஆள் வேண்டும்.

இருந்தும் தாளத்துக்குக் காலெடுத்து வைத்தாள். சிங்கம் பட்டப்பகலில் ஆளில்லாச் சந்தில் இறங்கியது. மூன்றடிகூட நடக்கவில்லை, பின்னால் ஆடுபவன் தூக்கிப் பிடிக்கவேண்டிய வால்துணி தரையில் இழுபட்டு வாசற்படியில் மாட்டிக்கொண்டது.

பின்னால் எவரோ விடுவிப்பார் என்பதுபோல் அவள் நின்றாள். முரசின் தாளம் இரு முறை சுற்றி வந்தது. பிறகு தலையை இறக்கி வைத்துவிட்டுத் தானே திரும்பிப் போய், துணியை விடுவித்தாள்.