பாஸமும் பேசில்லஸும்

சங்கரன்கோவில் செல்வலட்சுமியும் மணிமங்கலத்து ஜோயலும் தண்டலம் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். காதலும் அங்கேதான் தொடங்கியது. படிப்பு முடிந்ததும் அவள் ஒரகடத்தில் உயிர் உரம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லேபில் சேர்ந்தாள். அவன் ஆராய்ச்சிக்கு ஆஸ்திரேலியா போனான். போய் மூன்று வருஷமாகிறது.

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் முகம் காட்டுவான். ஜூன் மாதத்தில் ஒருநாள் உள்ளங்கையில் ஒரு சின்ன உருண்டையைக் காட்டினான். எலி அளவுதான். வாலைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"பிக்மி பாஸம். கங்காரு மாதிரி இதுக்கும் வயித்துல பை உண்டு. இங்க இப்ப பனிக்காலம், அது முழுக்கத் தூங்கும்."

"பாசமா? பேரு நல்லாத்தான் இருக்கு!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க லேப்ல வளக்க பேசில்லஸ் பாக்டீரியாவும் தூங்கும்லா. மண்ணு காஞ்சா உறை கட்டிக்கிட்டு வருஷக்கணக்காக் கிடக்கும். ஈரம் பட்டா எந்திச்சிரும்."

"அப்ப உன் ஆளுதான் கெட்டி."

ஜூலையில் ஒருநாள் அவன் முகம் சரியில்லை. ஆராய்ச்சி இன்னும் ரெண்டு வருஷம் இழுக்குமாம்.

"உன் பேசில்லஸ் மாதிரி கொஞ்சம் பொறுத்துக்கயேன் செல்வி."

அவள் டிபன் பாக்ஸை மூடிவைத்தாள்.

"அது பொறுத்துக்கிட்டுக் கிடக்கல ஜோயல். அதுக்கு யார் ஞாபகமும் கிடையாது. ஒன் பாஸம் எப்படித் தூங்குது, சொல்லு."

"நடுநடுவுல முழிச்சுக்கும்."

"முழிச்சா?"

"சேர்த்துவச்ச கொழுப்பு கரையும்." அவன் குரல் இறங்கியது. "அடிக்கடி முழிச்சா, பனி உருகற வரைக்கும் தாங்காது."

"நான் தெனமும் முழிக்கேன். நீ போனை வச்ச பொறவு சாயங்காலம் வரைக்கும் வேலையில கை ஓடமாட்டேங்கு."

அவன் மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கேன்டீனில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் போன் மணி அடித்தது.

"டிசம்பர்ல லீவு குடுத்துட்டாங்க. வர்றேன், கல்யாணம் பண்ணிக்கலாம். மிச்சத்தை ரெண்டு பேரும் உக்காந்து யோசிப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பையில் வீடு பார்க்கப் போனாள். வீட்டுக்காரம்மா கோவிந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தினி பேரும்மா?"

"ரெண்டு பேரு."

"வூட்டுக்காரர் எங்க?"

"வெளியூர்ல இருக்காவ. வந்துருவாவ."

சாவியைக் கொடுத்துவிட்டுக் கோவிந்தம்மா கீழே இறங்கிப் போனாள். காலி அறைக்கு நடுவில் நின்று, கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று செல்வலட்சுமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.