திரிசலா செமிகண்டக்டர்ஸின் நிறுவனர்

நேமிகுமாருக்கு வேலை போனது ஒரு வீடியோ மீட்டிங்கில். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ஆரணியில் வீட்டிலிருந்தபடியே சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்தான். மேலாளர் கோபிநாத் ஒருநாள் காலை இருபது முப்பது பேரை மொத்தமாகத் திரைக்கு அழைத்து, "உங்க வாழ்க்கையில அடுத்த அத்தியாயம் தொடங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேமராவைக்கூடப் போடவில்லை.

அதன்பிறகு நேமிகுமார் குடியிருந்ததே 'சர்க்யூட் சபை'யில்தான். எலக்ட்ரானிக் டிசைன் இன்ஜினியர்களுக்கென்றே நடக்கும் இணையதளம் அது. வேலை இருப்பவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். இல்லாதவர்கள் அவர்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். ஒருவர், மாமியாரின் மூட்டு ஆபரேஷனிலிருந்து டீமை நடத்தும் வித்தையைக் கற்றதாக எழுதினார். ஊரே கைதட்டியது. நேமிகுமாரும் தட்டினான். கூடவே விண்ணப்பங்களும் போட்டான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெறுத்துப்போன ஒரு மதியம், தன் பெயருக்குக் கீழே 'வேலை தேடுகிறேன்' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'நிறுவனர், திரிசலா செமிகண்டக்டர்ஸ்' என்று போட்டான். திரிசலா அவன் மனைவி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தன் பெயரில் ஒரு கம்பெனி இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு கெத்துக்காக 'ஆட்கள் தேவை' என்றும் சேர்த்தான்.

சாயங்காலத்துக்குள் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. நேற்றுவரை பதில் போடாதவர்களெல்லாம் 'சார்' என்று ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒன்று கோபிநாத்துடையது. அவருக்கும் அடுத்த அத்தியாயம் தொடங்கியிருந்தது.

இதை விடுவதற்கு நேமிகுமார் என்ன முனிவரா? மறுநாள் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னாங்க, பொழுது சாயுது, சாப்பிட வாங்க" என்றாள் திரிசலா. சமணக் குடும்பம்; விளக்கு வைத்த பிறகு சாப்பிடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

"நீ சாப்பிடு. எனக்கு இன்டர்வியூ."

"எந்தக் கம்பெனி?"

"நான் எடுக்குறேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரையில் கோபிநாத் வந்தார். நேமிகுமார் முகத்தை நன்றாகக் காட்டி, அவர் திடுக்கிடுவதற்காகக் காத்திருந்தான். அவர் பணிவாகச் சிரித்தார். இரண்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தவன். அவருக்கு முகமும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை.

"பின்னாடி சத்தம் கேக்குதே சார், ஃபேக்டரிங்களா?"

பக்கத்து வீட்டு விசைத்தறி. "ஆமா, புரொடக்‌ஷன் போய்கினு இருக்கு" என்றான் நேமிகுமார்.

"பெரிய செட்டப் சார்."

"பழைய வேலைய ஏன் விட்டீங்க?"

"டீம்ல பாதிப் பேரத் தூக்கச் சொன்னாங்க சார். மனசு கேக்கல. நானே ராஜினாமா குடுத்துட்டேன்."

"அந்தப் பாதிப் பேர்ல ஒருத்தர் பேரு சொல்லுங்க."

கோபிநாத் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "எல்லாருமே என் குடும்பம் சார்" என்றார்.

வேலை இல்லை என்று மறுநாளே எழுதி அனுப்பினான். அன்று காலைச் சாப்பாடு ருசியாக இருந்தது.

கோபிநாத் சும்மா இருக்கவில்லை. 'நிராகரிப்பு எனக்குத் தந்த பாடம்' என்று சபையில் எழுதினார். ஒரு நிறுவனர் ஒரே கேள்வியில் தன் கண்ணைத் திறந்துவிட்டாராம், இவர் இரவெல்லாம் அழுதாராம். சபையும் சேர்ந்து அழுதது. சென்னைக் கம்பெனி ஒன்று உருகிப்போய் அவருக்கு டைரக்டர் பதவி கொடுத்தது. பதவியேற்றதும் அவர் போட்ட முதல் விளம்பரம், போர்டு வரைய ஆள் வேண்டும் என்பது.

நேமிகுமார் மானத்தை விழுங்கிக்கொண்டு விண்ணப்பித்தான். உடனே பதில் வந்தது: 'சார், நீங்கள் ஒரு நிறுவனர். உங்களை எனக்குக் கீழே உட்காரவைக்கும் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.'

திரிசலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள். "என் பேர்ல கம்பெனி வெச்சீங்க, சரி. அதுல எனக்கு இன்னா போஸ்ட்டு?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மொதல்ல ஜல்தியா அத்த மூடுங்க."

மூடினான். 'வேலை தேடுகிறேன்' என்று பழையபடி போட்டான். பெயருக்குக் கீழே எதை மாற்றினாலும் புதுப் பதவி என்றே எடுத்துக்கொள்ளும் அந்த இணையதளம், உடனே, யாரும் கேட்காமலே, 'நேமிகுமார் புதிய பொறுப்பேற்றிருக்கிறார், வாழ்த்துங்கள்' என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டது. வாழ்த்துகள் கொட்டின. முதல் வாழ்த்து கோபிநாத்துடையது, மூன்று பூங்கொத்துகளுடன்: 'இந்தப் பொறுப்புக்கு உங்களைவிடத் தகுதியானவர் யாருமில்லை, சார்.'

நேமிகுமார் 'மிக்க நன்றி, சார்' என்று தட்டி அனுப்பினான்.