உறுப்பினர் இருக்கையில் இல்லை

என் தங்கை ஒப்பந்த நர்ஸ். நிறைமாதம். பிரசவத்துக்கு லீவு போட்டால் வேலையே போய்விடும். மருத்துவமனை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஒப்பந்த நர்ஸுகளுக்கும் பிரசவ விடுப்பு உண்டு என்று ஒரு திருத்தம் எழுதினேன். எழுத்து என்னுடையது, கையெழுத்து எங்கள் உறுப்பினருடையது. நான் அவருடைய உதவியாளர். அவர் பேசும் பேச்சை எழுதுவேன், கேட்கும் கேள்வியை எழுதுவேன், அவர் மனைவியின் பிறந்தநாளுக்கு வாழ்த்துகூட நான்தான் எழுதுவேன்.

திருத்தம் கொடுத்தால் மட்டும் போதாது. அவைத்தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது உறுப்பினர் தன் இருக்கையில் எழுந்து நின்று, "முன்மொழிகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆள் இல்லையென்றால் திருத்தம் செத்தது. வாக்கெடுப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

"உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதாம்மா. எல்லாரையும் வரச் சொல்லு, மேல உக்காந்து பாக்கட்டும்" என்றார் உறுப்பினர், திருத்தம் வரும் நாள் காலையில். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கூட வேலை பார்ப்பவர்களோடு பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எங்களுக்கு முந்தைய திருத்தம் ஓடும்போது பார்க்கிறேன், அவர் இருக்கை காலி. ஊழியர் மாடத்திலிருந்து கையசைக்கக்கூட விடமாட்டார்கள். படியிறங்கி ஓடினேன். அவைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அடுத்தது நம்மளுது! உள்ள போங்க!"

"இரும்மா, ஷூ லேஸ் அவுந்துடுச்சு."

"விடுங்க, நான் கட்டுறேன்" என்று மண்டியிட்டேன். இறுகக் கட்டியிருந்த முடிச்சை அவர் விரல்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தன.

ஒலிபெருக்கியில் அவர் பெயர் கேட்டது. மறுபடியும் கேட்டது. "உறுப்பினர் இருக்கையில் இல்லை. அடுத்த திருத்தம்."

சட்டென்று லேஸைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "இந்தத் திருத்தம் வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்கம்மா. எதிர்த்துப் பேசினா கெட்ட பேரு. இப்படின்னா யாருக்கும் வம்பில்ல. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியவில்லை. நம்பினேன், அவ்வளவுதான். பாவி மனுஷன்.

வாசலில் நர்ஸுகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். "வெளிய ஒரு முக்கியமான பேச்சுல இருந்தேன். நம்ம முறை வந்ததும் கூப்பிடுன்னு இவகிட்ட சொல்லியிருந்தேன். மறந்துட்டா. திட்டாதீங்க, சின்னப் பொண்ணு."

"பொய்டி! ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிட்டு இருந்தாருடி!" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினேன். என் காதுக்கே அது சாக்குப்போக்கு மாதிரிதான் இருந்தது. ஒரு நர்ஸ் சிரித்துவிட்டாள்.

தங்கை சிரிக்கவில்லை. "நீயே எழுதி, நீயே கோட்டை விட்டுட்டியேக்கா" என்றாள். பிறகு அவரிடம் திரும்பினாள். "நீங்க எங்களுக்காக இவ்வளவு செஞ்சதே பெருசு சார்."

"பஸ்ஸுல போகாதம்மா, இந்த நிலைமையில" என்று அவர் தன் காரைக் கூப்பிட்டார். கதவையும் அவரே திறந்துவிட்டார். தங்கை என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.