தோளுக்குள் இருந்தவர்

வீரமலைக்கு மறுபடியும் வலது தோள் வலித்தது. சும்மா வலியென்று சொன்னால் அவன் சண்டைக்கே வந்துவிடுவான். ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்தாறு மாதம் 'தோள் என்று ஒன்று இருக்கிறதா' என்று கேட்கும்படி இருந்தது, மாசி பிறந்ததிலிருந்து உள்ளே யாரோ உட்கார்ந்து குடைகிற மாதிரி ஆகிவிட்டது. படுத்தால் வலி, எழுந்தால் வலி. சட்டை போட்டுக்கொள்ள பிரேமலதாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. பொண்டாட்டியிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்பதற்கு அவன் என்ன சின்னப் பிள்ளையா?

ஜீயபுரத்துப் பக்கம் ஆற்றோரத் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுவது அவன் பிழைப்பு. வாலிபத்தில் ஒரு தடவை வரப்பில் வழுக்கி விழுந்து தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட வைத்தியர் அசைக்காதே என்றார். நம்ம வீரமலை ஐயாவோ மறுநாளே தாரோடு நின்றார். அந்த வீம்புக்கு நாற்பது தாண்டியதும் கூலி கிடைத்தது. மூட்டுத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்தன.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் நஜீமா அப்போதே பொறுமையாகச் சொன்னார். "முழு மூட்டும் மாத்தினா பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கணும். உங்க வயசுக்கும் வேலைக்கும் அது சீக்கிரம் ஆட்டம் கண்டுடும். அதனால கையெலும்பு முனையில பந்து மட்டும் உலோகத்துல வைப்போம். உங்க சொந்த எலும்புக் கிண்ணத்து மேல, இறந்தவங்க தானமா குடுத்த தசைநாரை மெத்தை மாதிரி விரிச்சுத் தைச்சிடுவோம். ஆனா இது எல்லாருக்கும் நிலைக்கும்னு சொல்ல முடியாதுங்க."

"கண்தானம் மாதிரிங்களா?" என்று கேட்டான். அந்த மாதிரிதான் என்றார். அவனுக்கு அது போதுமாக இருந்தது. நிலைக்காமலும் போகலாம் என்றதெல்லாம் காதில் விழுந்து அப்படியே வெளியே போய்விட்டது.

இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து, "என்னங்க ஆச்சு?" என்றான்.

"அந்தத் திசு நைஞ்சு போயிருக்கலாம். இல்ல, உடம்பு அதை ஏத்துக்காம வீங்கலாம். ரொம்ப மெதுவா வளர்ற கிருமி உள்ள இருந்தாலும் இப்படி வலிக்கும். ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியலை. தோள்லேருந்து நீர் எடுத்திருக்கேன். கிருமி இருந்தா வளர்ந்து காட்ட ரெண்டு வாரம் ஆகும்."

"அப்ப இதுல எதுங்க?"

"இப்போதைக்குத் தெரியலைங்க."

தெரியாத டாக்டர்கள் தெரிந்த மாதிரி மாத்திரை எழுதித்தான் அவன் பார்த்திருக்கிறான். தெரியலை என்று வாய்விட்டுச் சொல்கிற டாக்டரை என்ன செய்வது? நம்புவதா, பயப்படுவதா?

டாக்டருக்குத் தெரியாதது அவன் அக்கா மயிலம்மாளுக்குத் தெரிந்திருந்தது. "அந்த மனுசனுக்குக் காரியம் பண்ணாங்களோ இல்லையோ, யார் கண்டா? உடம்பு ஒரு பக்கம் போச்சு, நரம்பு உன் தோள்ல கெடக்கு. போற வழி தெரியாம உள்ள கெடந்து முட்டுறான்டா. அம்மா மண்டபத்துக்குப் போய் எள்ளுத்தண்ணி விட்டு அனுப்பி வை."

"ரெண்டு வாரம் சும்மா இருங்கன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க?" என்றாள் பிரேமலதா. யார் கேட்டார்கள்! வலிக்கிறவனிடம் நியாயம் எடுபடுமா? வெள்ளிக்கிழமை புருஷனும் பொண்டாட்டியும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள்.

அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் நல்ல கூட்டம். ஊசி குத்திய இடம் நனையக்கூடாது என்பதால் வீரமலை இடுப்பளவு தண்ணீரில் நிற்க, பிரேமலதா சொம்பில் மொண்டு தோள் நனையாமல் தலையில் ஊற்றினாள். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஈர வேட்டியோடு புரோகிதர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"யாருக்கு? பேர் சொல்லு."

"தெரியாதுங்க சாமி."

"சரி, கோத்திரம்?"

"அதுவும் தெரியாதுங்க."

"ஆணா பொண்ணா?"

வீரமலை பிரேமலதாவைப் பார்த்தான். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன உறவுன்னாவது சொல்லுப்பா!"

அவன் இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "இங்க இருக்காருங்க." பிறகு கதை முழுவதையும் சொன்னான்.

புரோகிதர் எள்ளுக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "பேர் தெரியாதவாளுக்கும் கருணையா விடறது உண்டு. கவலைப்படாதே. எள்ளும் ஜலமும் விட்டுட்டா இங்க ஒட்டிண்டிருக்கிறது அத்தனையும் அறுந்துடும். திரும்பிப் பார்க்காம போயிடுவார்."

உள்ளங்கையில் எள்ளை வைத்தார். வீரமலையின் கை அப்படியே நின்றது.

"முழுசா போயிடுவாருங்களா?"

"அதுக்குத்தானே வந்திருக்கே?"

"அவரு போயிட்டா என் கை என்னாகும் சாமி? அவரை வச்சுத்தானே தூக்கணும்?"

"ஏம்பா, இருக்கணுமா போகணுமா? முடிவு பண்ணிண்டு வா. பின்னாடி எத்தனை பேர் காத்திண்டிருக்கா, பாரு."

வீரமலை எழுந்துவிட்டான். அடக் கஷ்டகாலமே! விரட்ட வந்தவன், போகிறவரின் காலைப் பிடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பினான். பஸ்ஸில் பிரேமலதா வாய் ஓயாமல் திட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, தோளைத் தடவியபடி, "அண்ணே, கோச்சுக்காதீங்க. இருங்க" என்று முணுமுணுத்தான். ஒருவேளை பொம்பளையாக, அக்காவாக இருந்தால்? அந்தக் குழப்பம் வேறு. கடைசியில் அண்ணன் என்றே வைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் முடியும் சமயத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கிருமி வளர்ந்திருக்கிறது, உடனே வந்து சேருங்கள் என்று.

"உயிருக்குப் பயமில்லைங்க" என்றார் நஜீமா. "ஆனா அந்தத் திசு, உலோகம் எல்லாத்தையும் எடுத்துச் சுத்தம் பண்ணி, மருந்து கலந்த சிமென்ட் வைக்கணும். ஆறினப்புறம் வேற மூட்டு. கை சோறு சாப்பிடும், சட்டை போடும். தார் தூக்காது."

வீரமலை தேம்பித் தேம்பி அழுதான். "கை போச்சேன்னு அழறீங்களா, அவரு போறாரேன்னு அழறீங்களா?" என்றாள் பிரேமலதா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவனுக்கே தெரியவில்லை.

"டாக்டரம்மா, கிருமி அவரு கொண்டாந்ததுங்களா?"

"எவரு?"

"உள்ள இருக்கிறவரு."

நஜீமா ஒரு கணம் விழித்துவிட்டுப் புரிந்துகொண்டார். "அப்படித் தோணலைங்க. தானமா வர்ற திசுவைச் சுத்தம் பண்ணி, சோதிச்சுத்தான் அனுப்புவாங்க. இந்தக் கிருமி எல்லார் தோல்லயும் சாதாரணமா இருக்கிறது. பெரும்பாலும் உங்க தோல்லேருந்துதான் உள்ள போயிருக்கும். யார் மேலயும் தப்பில்லை."

தப்பில்லை என்றதை அவன் கேட்கவே இல்லை. நல்ல மனுஷன், செத்த பிறகும் உதவிக்கு வந்தவர். அவரைப் பேய் என்று விரட்டப் போனோமே! அவரைக் கெடுத்ததே தன் உடம்பல்லவா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எடுத்தப்புறம் அவரை என்ன செய்வீங்க?"

"கொஞ்சம் பரிசோதனைக்குப் போகும். மீதியை எரிச்சிடுவாங்க."

"கூட யாராவது இருப்பாங்களா?"

"அப்படி யாரும் இருக்க மாட்டாங்க" என்றார் நஜீமா.

"எந்நேரம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எங்கள்ல, செத்தவங்களை எரிச்சு முடிக்கிற வரைக்கும் வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டோம்."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து யாரிடமோ விசாரித்தார். நாளைக்கு ஆபரேஷன், மறுநாள் காலையில் வண்டி வந்து எடுத்துப் போகும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்றார்.

பிரேமலதா வராந்தாவுக்கு வந்து ஊருக்குப் பேசினாள். "அண்ணி, நாளன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அடுப்பு பத்த வைக்காதீங்க."

"ஐயையோ, தம்பிக்கு என்னடி?" மயிலம்மாள் அலறியது கதவு வரைக்கும் கேட்டது.

"அவருக்கு ஒண்ணுமில்ல."

"பின்னே யாருடி?"

பிரேமலதா கதவு வழியாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் வலது தோளை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நம்ம வீட்டு ஆளு ஒருத்தரு, அண்ணி" என்றாள்.