முக்காடு போட்ட கண்ணாடி

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கண்ணாடியில் முகம் பார்க்காமல் இருப்பது லேசான காரியமில்லை. அதைச் சாதித்தவரைக் கடையில் எல்லோரும் 'பரிசுத்தம்' என்று கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். நாளடைவில் அதுவே நிலைத்துப்போய், முதலாளிகூட வாடிக்கையாளர்களிடம், "பரிசுத்தத்துகிட்ட கொடுங்க, பிசிறில்லாம வெட்டித் தருவார்" என்பார்.

அவர் வெட்டும் விதமே தனி. கம்பளி விரித்த மேசையில் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பரப்புவார். வெட்ட வேண்டிய கோடு மட்டும் விரலகலத்துக்குத் தெரியும். வெட்டுமுனையை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு, மேசை ஓரத்தில் ஒரு தட்டு, கண்ணாடி இரண்டாகிவிடும். பிறகு ஒதுங்கி நின்று, டியூப்லைட் வெளிச்சத்தை அதில் விழவைத்துச் சோதிப்பார். முடியளவு கீறல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"கண்ணாடிக்கே முக்காடு போட்ட ஆளு உலகத்துலயே நம்ம பரிசுத்தம்தான்" என்பான் பக்கத்து மேசைக்காரன். அவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமை கலந்திருந்தது. அது பெருமை என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அவர் வேஷதாரி இல்லை. ஆண்டவருக்கென்று வாழ்வதாக முடிவெடுத்தபின் குடி போயிற்று, பொய் போயிற்று, வீட்டிலிருந்த டிவியும் போயிற்று. மனைவியும் மனதாரத்தான் கூட வந்தாள். நகைகளைத் தானே கழற்றி வைத்துவிட்டு, "அப்பாடா, கழுத்து லேசாயிடுச்சு" என்றவள் அவள். கடைசியில் அவர் சுவர்க் கண்ணாடியையும் கழற்றினார். "முகத்தப் பாக்க ஆரம்பிச்சா மனசு முகத்துலயே நின்னுடும்" என்றார். அதற்கு மட்டும் அவளிடமிருந்து 'அப்பாடா' வரவில்லை. அன்றிலிருந்து விரலால் தடவித் தடவி வகிடு எடுத்துக்கொண்டாள்.

கண்ணுக்கும் அவர் கடிவாளம் போட்டிருந்தார். தெருவில் போகிற பெண்களை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம் அது. கண்ணுக்கு என்ன தெரியும்? அது கட்டிய மனைவியையும் சேர்த்தே விட்டுவிட்டது. அவள் சோறு போடும்போது தட்டைப் பார்ப்பார். பேசும்போது தரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் அவள், "காதுக்குக் கீழ அரிச்சுக்கிட்டே இருக்குங்க. கை வச்சா தடிப்பா இருக்கு" என்றாள்.

உடனே எழுந்து வந்தார். அவள் தலையில் கை வைத்தார், கண்ணை இறுக மூடினார், உருகி ஜெபித்தார். மறுபடி சொன்னபோதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவர் கைக்கு நாலு விரற்கடை கீழேதான் அது இருந்தது.

மனைவியின் தங்கை ஒருமுறை ஊரிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? மச்சமா? கன்னங்கரேல்னு இவ்ளோ பெருசா இருக்கு! அத்தான், நீங்க பாக்கலயா?"

அவர் தரையைப் பார்த்தார்.

மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தார். "எத்தன நாளா இருக்கு? முதல்ல சின்னதா இருந்துச்சா? நிறம் எப்ப மாறுச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மனைவி. "வீட்டுல கண்ணாடி இல்ல."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தினமும் பாக்குறவர் நீங்கதானே?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அவர்தான் பொய்யை விட்டவராயிற்றே. "நான் பாத்ததில்ல" என்றார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கெட்ட கட்டியா இல்லையா என்று தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் அவருக்குக் கடையில் கோடு கோணலாகவே போயிற்று. அவள் போய்விட்டால், நினைத்துப் பார்க்கக்கூட அவள் முகம் தன்னிடம் இல்லை என்பது புரிந்தபோது, மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்து மேசைக்காரன் அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துப்போய்த் தானே வெட்டினான்.

முடிவு வந்தது. கெட்டதுதான். ஆனால் ஆழமாக இறங்கவில்லை, முழுசாக எடுத்தாயிற்று. "இனிமே உடம்புல புதுசா எது வந்தாலும் உடனே கவனிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கே அவர் ஓரம் தேய்த்த ஒரு கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மனைவி பிரித்துப் பார்க்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"எனக்கு எதுக்கு இது? காதுக்குக் கீழ நானா எட்டிப் பாக்கப்போறேன்?" என்றாள். "உலகத்த விட்டு விலகணும்னீங்க, சரின்னு கூட வந்தேன். நானும் அந்த உலகத்துல சேர்த்தியா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் தைத்தது.

மறுநாள் காலை ஜெபத்துக்கு வழக்கம்போல அவள் கண் மூடி உட்கார்ந்தாள். அவர் தலையில் கை வைத்து ஆரம்பித்தார். நன்றி சொன்னார். கண் மட்டும் மூடவில்லை. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்திருந்தது. காதோரம் தையல் ஆறி வந்தது. நெற்றியோரம் நரை. மூக்கின் ஓரம் மெல்லிய சுருக்கம்.

"என்ன, ஜெபம் நின்னுபோச்சு?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"புருவத்துல ஒரு தழும்பு இருக்கு. இது எப்ப பட்டது?"

"அது நம்ம கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு" என்றாள். "ஜெபத்த முடிங்க, அடுப்புல பால் இருக்கு."