ஆன்சானில் இறந்துபோன ரிம்மா

அந்தப் படத்தைச் சுவரில் காட்டியவள் நான்தான்.

கஜகஸ்தானில், எங்கள் உஷ்தோபே ஊர்ச் சபையில் கம்ப்யூட்டர், புரொஜெக்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு. பிப்ரவரியின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து ஜெபக் குறிப்புகள் வாசிக்கும் நேரம். கொரியாவில், ஆன்சான் நகரத்தில், எங்களைப் போலவே ரஷ்ய மொழி பேசும் கொரியர்களின் சபை ஒன்றோடு எங்களுக்குத் தொடர்பு ஏற்பட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் அனுப்பும் படங்களை நான் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. வந்த வரிசையிலேயே போட்டுக்கொண்டு போவேன்.

மூன்றாவது படத்தில் ஒரு கைக்குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். போதகர் அதன் தலையில் கை வைத்திருக்கிறார். குழந்தையை ஏந்தி நிற்பவன் த்ரோஃபிம். ஒட்டி நிற்கிறாள் ஒரு பெண். கீழே எழுத்தில்: சகோதரர் த்ரோஃபிம், சகோதரி லியானா, அவர்கள் மகன் மத்வேய்.

த்ரோஃபிமின் மனைவி ரிம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

படத்தை மாற்ற எனக்குக் கை வரவில்லை. விரல் பொத்தான்மேலேயே இருந்தது, அழுத்தத் தெரியவில்லை. ரிம்மா எழுந்து சுவருக்கு அருகில் போனாள். "ஃபைனாக்கா, கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க" என்றாள். நானும் புத்தி கெட்டவளாகப் பெரிதாக்கினேன். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. குழந்தையின் கால் அவள் தோளில் தெரிந்தது.

"அவரு போட்டிருக்குற ஸ்வெட்டர் நான் பின்னினது" என்றாள். அவ்வளவுதான். பிறகு சமையலறைக்குப் போய், எல்லோருக்கும் தட்டில் சோறும் முட்டைக்கோஸும் வைத்துக் கொடுத்தாள். எழுபது பேர். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை.

ரிம்மா சந்தையில் கேரட் சாலட் விற்பவள். பூண்டும் மல்லித்தூளும் எண்ணெயில் தாளித்து அவள் கொட்டும் வாசனைக்கே ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். த்ரோஃபிம் ஆன்சானுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய் ஆறு வருடம். வாரம் தவறாமல் போன் செய்வான். ஞாயிறும் ஷிப்ட் இருப்பதால் அங்கே எந்தச் சபைக்கும் போக முடிவதில்லை என்று சொல்லிவைத்திருந்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பதினோரு வருடமாக எங்கள் ஜெபக் குறிப்பில் ரிம்மாவுக்குக் குழந்தை என்ற வரி இருந்துகொண்டே இருந்தது. அதை வாசித்தவளும் நான்தான்.

அன்று மாலையே போதகர் கெராசிம் ஆன்சான் போதகரோடு பேசினார். மறுநாள் காலை நானும் அவரும் சந்தைக்குப் போனோம். நாற்பது வருடம் சவப்பெட்டிகளின் பக்கத்தில் நின்று பேசிய மனிதர். அன்று தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றார்.

"சொல்லுங்க போதகரே. கேரட் சீவிக்கிட்டே கேக்குறேன்" என்றாள் ரிம்மா.

"அந்தச் சபைக்காரங்க மேல தப்பு இல்லம்மா. அவன் நம்ம ஊர் பேரைச் சொல்லாம, தராஸ் ஊர்க்காரன்னு சொல்லியிருக்கான். பொண்டாட்டி..." என்று நிறுத்தினார். "நீ மூணு வருஷத்துக்கு முன்னாடியே இறந்துட்டேன்னு சொல்லியிருக்கான்."

சீவும் கை நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் ரிம்மாவுக்காக அந்தச் சபையில் ஒரு நினைவுக் கூட்டம்கூட நடந்ததாம். த்ரோஃபிம் தேம்பித் தேம்பி அழுததாகவும், இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்ததாகவும் அந்தப் போதகர் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதி என்று ரிம்மா கேட்டாள். போதகர் சொன்னார். அவள் கேரட் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம்தான் அவளுக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்ததாம். மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று அவன் போனில் அரைமணி நேரம் சொன்னதாக எங்களிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து த்ரோஃபிமின் எண் வேலை செய்யவில்லை. ரிம்மா சபைக்கு வருவதை நிறுத்தினாள். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார் ஒருவர். கசப்பு வேர்விடும் முன் மன்னித்துவிடு என்றார் இன்னொருவர். அவருக்கு ரிம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நான்தான் செத்துட்டேனே, அக்கா. செத்தவகிட்ட வந்து மன்னிப்பு வாங்கிட்டுப் போக உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?" என்று கேட்டாளாம். அந்த அக்கா தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மார்ச் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். ஜன்னல் துடைக்கச் சபைக்குப் போனேன். உள்ளே யாரோ சத்தம் போடுவது கேட்டது. குடிகாரர் யாராவது நுழைந்துவிட்டாரோ என்று பயந்து கதவோரம் நின்றேன். ரிம்மா. சந்தையில் போடும் மேலங்கியைக் கழற்றாமல், முன்வரிசைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த வெறும் மரச்சிலுவையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷம் உன்கிட்ட ஒரு குழந்தை கேட்டேன். குடுத்துட்டே. என் புருஷனுக்குக் குடுத்துட்டே. நான் எங்க நிக்குறேன்னு உனக்குக் கண்ணு தெரியலையா?"

இப்படி ஒரு வார்த்தையை அந்தச் சுவர்களுக்குள் நான் கேட்டதே இல்லை. என் அம்மா இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள். உள்ளே போய் அவள் வாயை மூடவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போகாமல் வாளியோடு அங்கேயே நின்றேன். அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். பெஞ்சை ஒரு அடி அடித்தாள். குரல் கட்டிப்போய், பிறகு வெறும் மூச்சாகி, பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள்.

"வாளியை வச்சிட்டு வாங்க ஃபைனாக்கா. நீங்க நிக்குறது தெரியும்" என்றாள் திரும்பாமலே.

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கண்முன் முதல்முறையாக அவள் அழுதாள். நானும் அழுதேன், அந்தப் படத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். மூன்று வாரமாகத் தினமும் மத்தியானம் இங்கே வருகிறாளாம். போதகருக்குத் தெரியுமாம், அவர்தான் சாவி கொடுத்திருக்கிறார். சிலுவையில் தொங்கியவரும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்று உரக்கக் கேட்டவர்தானே, நீயும் கேள் என்று சொல்லி அனுப்பினாராம்.

"இத்தனை வருஷமா ஆபீஸ்ல மனு குடுக்குற மாதிரி பணிவா ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன், அக்கா. முதல் நாள் திட்டினப்போ, இதோட அவரு என்னை விட்டுப் போயிருவாருன்னுதான் நினைச்சேன். போகல. இன்னைக்குத் திட்ட வார்த்தையே தீந்துபோச்சு. தீந்த பிறகும் பக்கத்துலயே இருக்காரு."

நான் சிறுவயது முதல் விசுவாசி. அவர் பக்கத்தில் இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம், போதகர்களிடம் எண் வாங்கி லியானா ரிம்மாவுக்குப் போன் செய்தாள். நான் அப்போது கடையில் ரிம்மாவுக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன். ரிம்மா போனை எங்கள் இருவர் நடுவிலும் வைத்தாள். உண்மை தெரிந்த அன்றே த்ரோஃபிம் துணிமணியோடு போய்விட்டான், எங்கே என்று தெரியாது, குழந்தையோடு தோழி வீட்டில் இருக்கிறேன் என்றாள் லியானா.

"நீங்க இல்லைன்னு நம்பினேன், அக்கா. ஏப்ரல் அஞ்சாம் தேதி நம்மவங்க எல்லாரும் செத்தவங்க கல்லறைக்குப் போவாங்கல்ல. உங்க கல்லறை தூரத்துல இருக்குன்னு வீட்லயே உங்களுக்குச் சாப்பாடு வச்சேன். ரெண்டு வருஷம்."

ரிம்மாவின் முகம் வெளுத்தது. உயிரோடு இருப்பவளுக்குப் படையல். நான் போனை அணைக்கக் கை நீட்டினேன். அவள் தடுத்தாள்.

"என்ன சமைச்சே?"

"குக்சி" என்றாள். எங்கள் நூடுல்ஸ் சூப் அது.

"எனக்குக் குக்சி பிடிக்காது."

அந்தப் பக்கம் ஒரு விக்கல் போல ஏதோ கேட்டது. அழுகையா சிரிப்பா என்று புரியும் முன்பே ரிம்மாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணீர் வழிய, கேரட் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அடங்கியதும், "பிள்ளை பால் குடிக்குதா?" என்று கேட்டாள்.

மே மாதத்தில் சபைக்குத் திரும்பினாள். ஜெபக் குறிப்பில் இருந்த அவளுடைய பழைய வரியை எடுத்துவிடச் சொன்னாள். அந்த இடத்தில் மத்வேய் என்று எழுதச் சொன்னாள். நான் பேனாவோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள் என்றாள்.

கோடையில் நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. த்ரோஃபிம் வரவில்லை. அவனை மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னும் மனசு வரல" என்றாள். "தினமும் கேக்குறேன். சில நாள் கேக்கவும் பிடிக்கல. அதையும் ஆண்டவர்கிட்ட சொல்லிடுறேன்."

இப்போது அவளுக்கு இரவில் தூக்கம் வருகிறது. லியானா வாரம் ஒருமுறை மத்வேயின் படம் அனுப்புகிறாள். அக்டோபரில் அவனுக்கு முதல் பல் முளைத்தது.