பெயர் தெரியாத மாணவர், 1970

அன்று பிற்பகல் அந்தக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நான், மணிவாசகம், ஓய்வுபெற்ற பொறியாளன். என் மனைவி ரமா. எங்கள் மகள் ஸ்வர்ணா, மருமகன் வின்சன்ட். வின்சன்ட்டின் தாயாரும் எங்கள் சம்பந்தியுமான ஜொய்சி அம்மாள். கண்காட்சியை அமைத்த நூலகப் பெண் றோசலின். பக்கத்து ஊரான லவாலிலிருந்து கனகசிங்கம், அவர் மனைவி மனோகரி. இவர்கள் தவிர, குளிர்கோட்டைக் கழற்றாத ஓர் அறுபது பேர்.

அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் படித்த கறுப்பின மாணவர்களின் வரலாற்றைக் கொண்டாட பிப்ரவரியில் வைத்த கண்காட்சி அது. சுவரில் நாற்பத்தொரு படங்கள். அங்கே படித்துப் பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்ணான ஜொய்சி அம்மாளின் படம் அவற்றில் இல்லை. காரணம் கனகசிங்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஸ்வர்ணாவின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் எழுதினேன். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பட்டம் வரவேண்டும். ஜொய்சி அம்மாளைக் கேட்டேன். "வேதியியல். பி.எஸ்ஸி., 1970" என்றார். அப்படியே அச்சடித்தேன்.

பத்திரிகை லவாலுக்கும் போயிற்று. கனகசிங்கம் அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். பழைய ஆண்டு மலரைப் புரட்டியிருக்கிறார். 1970 வேதியியல் வகுப்புப் படத்தில் ஒரு கறுப்பு முகமும் இல்லை. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், கையில் இடியப்பத் தட்டோடு, பத்துப் பேர் கேட்கச் சொன்னார்:

"கறுப்பர்ட வீட்ட பொண்ணக் குடுத்த வெக்கத்த மறைக்கத்தான் சேர் பி.எஸ்ஸி. போட்டிருக்கார். பத்திரிகையில போட்டாப் போல பட்டம் வந்திருமா? அப்ப என்ட நாய்க்கும் டொக்டர் எண்டு போடலாம்."

சிரித்தார்களாம். சென்னையில் என் தம்பி வீடு வரை அந்தச் சிரிப்பு போனது. எங்கள் குடும்பத்தில் எவரும் அச்சில் பொய் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களைப் பொய்க்காரர்கள் என்று ஒருவன் சொல்லிவிட்டுச் சும்மா போக முடியாது என்று அன்றே தீர்மானித்தேன்.

லொங்குய் என்ற ஊரில் ஜொய்சி அம்மாளின் வீட்டுக்குப் போய், சான்றிதழை அந்த ஆளுக்குக் காட்டிவிடலாமே என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது:

"வகுப்புப் படத்தை ஒரு கிளப்பில் எடுத்தார்கள். வாசலில் நின்றவன், வேலைக்காரர்களுக்குப் பின்பக்க வழி என்றான். பட்டம் வாங்கப்போகிற மாணவி என்றேன். நிரூபி என்றான். திரும்பி வந்துவிட்டேன். இந்த வயதில் இன்னொரு வாசலில் நின்று காகிதம் காட்ட மாட்டேன், மிஸ்டர் மணி."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன வருஷம் றோசலின் கண்காட்சி வேலையைத் தொடங்கியபோது, படம் தேடும் குழுவில் கனகசிங்கம் சேர்ந்துகொண்டார். மாணவர் பதிவேட்டில் யாருடைய நிறமும் எழுதியிருக்காது. ஆகவே ஆண்டு மலர்களில் முகத்தைப் பார்த்துப் பொறுக்கினார்கள். 1960 முதல் 1980 வரையான மலர்கள் கனகசிங்கத்தின் பங்கு. வின்சன்ட் தன் தாயாரைப் பற்றி எழுதியதற்கு, "படத்தில் இல்லை, சேர்க்க இயலாது" என்று அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. முதலில் கிளப் வாசலில் நிறுத்தினார்கள். இப்போது சுவரில் ஏறவிடவில்லை.

ஜனவரியில் அழைப்பு வந்தது. அதில் படங்களின் மாதிரி. முப்பத்திரண்டாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சதுரங்கக் கழகத்தின் மேசை. கறுத்து ஒல்லியான ஓர் இளைஞன், கழுத்தில் கட்டம் போட்ட மஃப்ளர். கீழே, 'பெயர் தெரியாத மாணவர், 1970.'

அந்த மஃப்ளர் என் அலமாரியில் இருக்கிறது.

ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் றோசலின் அன்றே அந்தப் படத்தை நீக்கியிருப்பார். நான் போடவில்லை. ரமாவிடம்கூட மூச்சு விடவில்லை. அது அச்சாகட்டும், சட்டத்துக்குள் போகட்டும், ஆணியில் ஏறட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அதற்குள் 1970 பட்டமளிப்பு விழாவின் நிகழ்ச்சிநிரலைத் தேடி எடுத்தேன். அந்த விழாவில் நானும் பட்டம் வாங்கினேன். என் பெயருக்கு நாலு பக்கம் முன்னால் ஜொய்சி அம்மாளின் பெயர் இருந்தது. வின்சன்ட்டிடம் தாயாரின் பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் உள்ளவற்றின் அளவுக்கே சட்டம் போட்டேன்.

கண்காட்சி அன்று முதலில் றோசலின் பேசினார். பிறகு கனகசிங்கம், முகங்களைத் தானே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்ததாக ஆங்கிலத்தில் விவரித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன்.

"உக்காருங்க, பிரஷர் ஏறும்" என்று ரமா சட்டையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டேன்.

"கனகசிங்கம், முப்பத்திரண்டாவது படத்துல இருக்கறது யாரு?"

"தெரியா சேர். பேர் கிடைக்கல்ல."

"முகத்தை நல்லாப் பார்த்தீங்களா?"

"ஓம், பாத்துத்தானே எடுத்த நான். ஆபிரிக்காப் பக்கம் போல."

கோட்டுப் பையிலிருந்து மஃப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயோ, இது நம்மட சேரெல்லோ!" என்றார் மனோகரி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் கூடத்தில் சிரிப்பு எழுந்துவிட்டது.

எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில் சொன்னேன்: நான் தஞ்சாவூர்த் தமிழன். முகத்தைச் சாட்சியாக வைத்து என்னை ஏற்றினீர்கள். அதே சாட்சியை வைத்து, இங்கே உட்கார்ந்திருக்கும் உண்மையான கறுப்பின மாணவியைத் தள்ளினீர்கள். பிறகு நிகழ்ச்சிநிரலைக் கனகசிங்கத்தின் கையில் வைத்தேன்.

"படிங்க. சத்தமா."

"சேர், வெளிய போய்க் கதைப்பமே."

"இடியப்பத் தட்டோட நின்னப்போ வெளிய போயா பேசினீங்க?"

படித்தார். பெயர், பட்டம், வேதியியல். கேட்கவில்லை என்றேன். மறுபடி படித்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றேன்.

"அப்பா, போதும்ப்பா" என்றாள் ஸ்வர்ணா.

மூன்றாவது முறையும் படிக்க வைத்தேன். அது அவருடைய நாய்க்காக.

றோசலின் கண் கலங்கி, தானே படத்தை மாற்றுகிறேன் என்று ஓடி வந்தார். தடுத்தேன். "மாட்டினவரே கழட்டட்டும்." கனகசிங்கம் என் படத்தை இறக்கினார். ஜொய்சி அம்மாளின் படத்தை நான் எடுத்துக் கொடுக்க, அதே இடத்தில் மாட்டினார்.

ஜொய்சி அம்மாள் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளாகத் தெரியும்?"

"மூன்று வாரம்."

"ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும்."

"முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாமல்."

எனக்கே சற்றுப் பயமாக இருந்தது. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, கனகசிங்கத்துக்கு எதிரே போய் நின்றார்.

"இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது" என்றார். "நேராக்கு."

கனகசிங்கம் நேராக்கினார். இன்னும் கொஞ்சம் என்றார் ஜொய்சி அம்மாள். திருப்தி ஆகும்வரை, நாலு முறை.

இப்போது லவாலில் ஒரு கதை சுற்றுகிறதாம். தன்னைக் கறுப்பினத்தவன் என்று எண்ணிவிட்டார்களே என்ற வெட்கத்தில்தான் மணிவாசகம் தன் படத்தை இறக்கச் சொன்னார் என்று. தவறு. ஜொய்சி அம்மாளின் படத்துக்கு ஓர் ஆணி வேண்டியிருந்தது.